பழனிமலையைப் பாலம் பாலமாக ஏறுங்கள்

பழனிமலைத் தொடரின் மேலே இருக்கும் கொடைக்கானலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே மாதிரிதான் போகிறார்கள். விடிகிற நேரத்தில் வத்தலகுண்டைத் தாண்டி, எங்கும் நிற்காமல் மலையேறி, ஏரிப் பக்கம் அறை எடுத்து, சாமான்களை வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் "இங்கே பறவை எங்கே பார்க்கலாம்?" என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். ஏறி வந்த ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் எத்தனையோ பறவைகளைப் பார்க்காமலே கடந்து வந்திருப்பார்கள்.

எனக்கு ஊர் பட்டிவீரன்பட்டி. எங்கள் வீட்டில் காப்பி வியாபாரம். தோட்டத்துக்கும் குடோனுக்குமாக மலை ஏறி இறங்குவதுதான் எங்கள் பிழைப்பே. வண்டியை நான் ஓட்டுவேன், பக்கத்தில் என் நாத்தனார் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பாள். இத்தனை காலம் பார்த்ததில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மலை உச்சியைக் குறி வைக்காதீர்கள், தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். ரோடு ஓடையைக் கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பாலம் இருக்கிறது. அங்கே நில்லுங்கள்.

பாலம் என்று பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். ரோட்டுப் பாலமோ பொது இடம். காட்டின் நடுவயிற்றில் நிற்பீர்கள், ஆனால் காட்டுக்குள் நுழைந்திருக்க மாட்டீர்கள். அடுத்து, ஓடை ஓடுகிற இடத்தில் மரங்கள் விலகி ஒரு வழி திறந்திருக்கும், அதனால் அடர்ந்த காட்டிலும் பார்வை தூரமாகப் போகும். தண்ணீருக்கு மேலே எந்நேரமும் பூச்சி பறக்கும், பூச்சிக்காக ஈப்பிடிப்பான்கள் வரும், குளிக்க மற்ற குருவிகள் வரும். இதெல்லாம் போக, மலையடிவார ஊரான காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் வரை சுமார் 300 மீட்டரிலிருந்து 2100 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறோம். பாலம் மாற மாற ஆளே மாறுகிற மாதிரி பறவைகள் மாறுவது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

எப்போது, எதோடு

ஜனவரி முதல் மார்ச் வரை வாருங்கள். பழனிமலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்து முடித்து, ஓடைகளில் கலங்கல் தெளிந்து, பாறைகள் வெளியே தெரியும் காலம் அது. வடக்கிலிருந்து வலசை வந்த குருவிகளும் அப்போது ஊர் திரும்பியிருக்காது. ஏப்ரல், மே மாதக் கூட்டத்தில் மலைப்பாதையில் வண்டியை ஓரங்கட்டக்கூட இடம் கிடைக்காது.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவு அது. புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது, எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது) போதும். அதைவிடப் பெரிதாக்கிக் காட்டுவதை வாங்கினால் சோலை என்கிற மலைமடிப்புக் காட்டின் இருட்டில் படம் மங்கும், கையும் ஆடும். ஒரு ஸ்வெட்டர், மங்கிய பச்சையிலோ காக்கியிலோ சட்டை, ஈரப் புல்லில் இறங்க வேண்டி வந்தால் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு. கேமரா உங்கள் விருப்பம். முதல் பயணமாக இருந்தால் அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்பேன். கேமரா வைத்திருக்கிறவர் ஒரு குருவியைத் துரத்திக்கொண்டிருக்கும்போது மற்ற ஒன்பதும் அவர் தலைக்கு மேலே போய்விடும்.

மூன்று நாள் ஒதுக்குங்கள். ஏற ஒரு முழு நாள், மேலே ஒரு நாள், பழனிப் பக்கம் இறங்க ஒரு நாள்.

பாலத்தில் நிற்கும் முறை

பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். வளைவிலும் வேண்டாம். பாலத்தைத் தாண்டி ரோடு அகலமாகிற இடம் வரை போய், இடது ஓரம் நன்றாக ஒதுக்கி நிறுத்தி, நடந்து திரும்பி வாருங்கள். கதவை அறைந்து சாத்த வேண்டாம், அழுத்தி மூடுங்கள். பாட்டு, ஹாரன் எதுவும் கூடாது. பேருந்தும் லாரியும் போகிற ரோடு இது. கைப்பிடிச் சுவரை ஒட்டி நில்லுங்கள், பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி ஓர் அடிகூட நகராதீர்கள். குழந்தைகளோடு வந்தால் பெரியவர் ஒருவர் வேலை ரோட்டைப் பார்ப்பது மட்டும்தான்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள், மரத்தைப் பிறகு பார்க்கலாம். ஓடையில் தலைநீட்டும் பாறைகளில் எதிலாவது வெள்ளையாக எச்சம் காய்ந்திருக்கிறதா? அது யாரோ வழக்கமாக வந்து உட்காரும் இடம். அந்தப் பாறையை மனதில் வைத்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். உங்கள் வரவால் பறந்துபோனது பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பிறகு கரையோர நிழல், வேர், விழுந்து கிடக்கும் மரம். அதற்குப் பிறகு இடுப்பு உயரப் புதர். மர உச்சியும் வானமும் கடைசியில். பழகாதவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். மேலேயே பார்த்துக் கழுத்து வலித்துப்போய், காலடியில் நடப்பதைத் தவறவிடுவார்கள்.

பாலத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. மேல்பக்கம் கால் மணி, கீழ்ப்பக்கம் கால் மணி. வெயில் முதுகுப் பக்கம் விழுகிற பக்கத்தை முதலில் எடுங்கள்.

அருவிக்கு நேர் அடியில் நிற்காதீர்கள். இரைச்சலில் ஒன்றும் கேட்காது. அருவிக்குக் கீழே, தண்ணீர் சமதளத்தில் பரந்து ஓடுகிற அடுத்த பாலம்தான் நல்ல இடம். ஓடையோரப் பறவைகளின் குரலைக் கவனித்தீர்களானால், வாலாட்டியின் "சிட்-சிட்" போல, கூர்மையாக, மேல் சுருதியில் இருக்கும். தண்ணீரின் கனத்த இரைச்சலைத் தாண்டிக் காதுக்கு வருவது அந்தக் குரல்தான்.

இப்படி ஒரு பாலத்துக்கு அரை மணி நேரம். எதுவும் வரவில்லை என்றாலும் அரை மணி நேரம்.

காட்ரோட்டிலிருந்து தாண்டிக்குடி வரை

காட்ரோட்டில் வெளிச்சம் வரும்போது இருங்கள். முதல் நிறுத்தம் மஞ்சளாற்றுப் பக்கம். மாந்தோப்பும் முள்காடுமாக இருக்கும் இந்த அடிவாரத்தை மலை ஆசையில் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். குளிர்காலத்தில் ஆறுமணிக் குருவி தங்குவது இந்த மாதிரி நிழல் தோப்பில்தான். விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் இரட்டை விசில் கொடுக்கும். பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்கிறதா என்று பாருங்கள். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. கூச்சம் அதிகம், ஆனால் அத்தி பழுத்திருந்தால் வெளியே வந்தே தீரும்.

வளைவுகள் தொடங்கியபின் டம்டம் பாறையில் எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். எதிரே தெரிகிற வெள்ளிக்கோடு தலையாறு அருவி, எலிவால் அருவி என்றும் சொல்வோம், 297 மீட்டர் உயரம். செல்பி எடுப்பவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று பள்ளத்தாக்கைப் பாருங்கள். வெயில் ஏறி, காற்று சூடாகிக் கிளம்பும் ஒன்பது மணிக்கு மேல் கருங்கழுகு வரும். மற்ற கழுகுகள் உயரத்தில் வட்டமிடும், இது மர உச்சிகளை உரசுகிற மாதிரித் தாழ்வாக, மிக மெதுவாக மிதந்துகொண்டு போகும். மரத்தில் இருக்கும் கூடுகளைத் தேடித்தான் அப்படிப் பறக்கிறது. நீங்கள் மேலே இருப்பதால் அதன் முதுகைப் பார்க்கலாம். மஞ்சள் கால்கூட வெயிலில் தெரியும்.

ஊத்து, பண்ணைக்காடு வந்துவிட்டால் காப்பித் தோட்டம். பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடி ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம் போய்வாருங்கள். இது என் மண், கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் காப்பி நிழலில் வளர்கிறது. பலா, கல்யாண முருங்கை, சில்வர் ஓக், அவற்றில் ஏறிய மிளகு, இடையிடையே ஆரஞ்சும் மலைவாழையும். பல வகை மரம் நிற்கிற தோட்டத்தில் பறவையும் பல வகை. சில்வர் ஓக்கை மட்டும் வரிசையாக நட்ட தோட்டத்தில் நீங்களே வித்தியாசத்தைக் கேட்கலாம், அமைதியாக இருக்கும். பழைய மரங்களை வெட்டாமல் வைத்திருக்கும் தோட்டக்காரர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். முடிந்தால் அவர்களிடமே காப்பிக்கொட்டை வாங்குங்கள்.

தோட்டத்தை ஒட்டிய பாலங்களில் கொடிக்கால் வாலாட்டியைத் தேடுங்கள். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது உடம்பையே பக்கவாட்டில் அசைக்கும். காய்ந்த இலைமேல் நடந்துபோனால் கண்ணே பிரித்தறியாது, அசைவை வைத்துத்தான் பிடிக்க முடியும். மரகதப்புறா, நம் மாநிலப் பறவை, ரோட்டோரத்தில் விழுந்த விதை பொறுக்க வரும். காலைப் பத்து மணி வாக்கில் திடீரென்று ஒரு கூட்டம் கடந்துபோகும். முன்னால் மின்சிட்டு, துடுப்புவால் கரிச்சான், கூடவே பட்டாணிக்குருவி, வெள்ளைக்கண்ணி, நடுவில் ஏதாவது மரங்கொத்தி. பல இனங்கள் சேர்ந்து இரைதேடும் கூட்டம் இது. ஒன்று கிளப்புகிற பூச்சி இன்னொன்றுக்கு உணவு, ஒன்று வல்லூறைக் கண்டு கத்தினால் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை. இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். அப்போது பெயர் தேடிப் போனைத் திறக்காதீர்கள். பார்த்ததை வாயால் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். நாத்தனாரை உட்கார்த்தி வைத்திருப்பது அதற்குத்தான்.

டீக்கு நிற்கும்போது கடைக்காரரிடம் பேசுங்கள். "அக்கா, அந்தப் பாலத்துக்கிட்ட நேத்துலேர்ந்து காட்டுமாடு நிக்குது, இருட்டுல இறங்கிராதீங்க" என்று ஒருவர் சொல்லும் ஒரு வரி, எந்த ஆப்பிலும் கிடைக்காது. காட்டுமாடு ஆயிரம் கிலோகூட வளரும் விலங்கு. ரோட்டில் நின்றால் வண்டிக்குள்ளேயே இருங்கள், அது நகரும்வரை காத்திருங்கள்.

சோலை ஓடை

பெருமாள்மலை தாண்டியதும் காற்று மாறும். வெள்ளி நீர்வீழ்ச்சியில் கூட்டம் இருக்கும், விட்டுவிடுங்கள். அது கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்து வருகிற தண்ணீர். நாம் தேடுவது சோலையிலிருந்து கசிந்து வருவது. மறுநாள் விடியற்காலை வட்டக்கானல் ரோட்டில் பாம்பார் சோலையை ஒட்டிப் போங்கள், ஊர் எழுவதற்குள்.

இந்த ஓடைகள் எப்படி ஓடுகின்றன என்று தெரிந்துகொண்டு பார்த்தால் பறவையும் வேறு மாதிரி தெரியும். மலை முகட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலை. முகட்டில் பெய்கிற மழையைப் புல்லின் வேர் பிடித்து மெதுவாகக் கீழே விடும். சோலையில் அடி அடியாக மட்கிய இலை, மரமெல்லாம் பாசி. உள்ளே இறங்கிய தண்ணீர் அவசரப்படாமல் ஊற்றாகக் கசியும். அதனால்தான் டிசம்பரில் நின்ற மழை மார்ச்சிலும் ஓடையாக ஓடுகிறது. புல்வெளியில் வாட்டில், தைல மரம், பைன் என்று நட்ட இடங்களையும் போகிற வழியில் பார்ப்பீர்கள். பைன் காட்டுக்குள் பத்து நிமிடம் நின்று காது கொடுத்துப் பாருங்கள், பிறகு சோலையோரம் வந்து பத்து நிமிடம் நில்லுங்கள். நான் விளக்க வேண்டியதே இல்லை.

இங்கே இரண்டு பறவைகளுக்காக நேரம் செலவழிக்கச் சொல்வேன். ஒன்று வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. கிளி இல்லை, சின்னக் குருவி. வெளிச்சமே விழாத கரையோரத்தில், வேர்களுக்கு நடுவே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள் இருக்கும். முதலில் தெரிவது அசைவுதான். தத்தி வந்து, நின்று, ஒருமுறை குனிந்து எழும். பைனாகுலரைப் பதற்றமில்லாமல் உயர்த்துங்கள். உடம்பு முழுக்கக் கருநீலச் சாம்பல், வயிற்றின் நடுவில் மட்டும் வெள்ளை, கண்ணுக்கு மேலே வெளிறிய நீலத்தில் ஒரு கீற்று. ஈர இலையைப் புரட்டும், புழு கிடைத்தால் விழுங்கும், கிடைக்காவிட்டால் அடுத்த இலை. அதன் கால் படுகிற பாசியில் தண்ணீர் கசிவதுகூட அந்தத் தூரத்தில் தெரியும். நீங்கள் அசையாத வரை உங்களை அது மரமாகவே எடுத்துக்கொள்ளும். பாடினால் மெல்லிய, உயர்ந்த விசில், எங்கிருந்து வருகிறது என்று திசை பிடிபடாது.

இன்னொன்று பழனிச் சிரிப்பான். இதைத் தேட வேண்டியதில்லை, காதே கண்டுபிடிக்கும். ஒன்று தொடங்க இன்னொன்று சேர்ந்துகொண்டு சிரிக்கும். வெள்ளைப் புருவம், சாம்பல் நெஞ்சு, செம்பழுப்பு வயிறு. வட்டக்கானலில் வீட்டுத் தோட்டத்து வேலிவரை வந்து பழம் தின்னும். இதன் அறிவியல் பெயரில் இருக்கும் பேர்பேங்க், 19ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்க மிஷனரி.

இந்த இரண்டும் நீலகிரியில் கிடையாது. அங்கே நீலகிரிச் சோலைக்கிளி, நீலகிரிச் சிரிப்பான் என்று தனி இனங்கள். நடுவில் பாலக்காட்டுக் கணவாய். மலை உச்சிக் குளிரிலேயே வாழப் பழகிய பறவை, சூடான தாழ்வான அந்த இடைவெளியைக் கடக்கவில்லை. நீண்ட காலம் பிரிந்தே இருந்ததில் வேறு வேறாகிவிட்டன. இவை இமயமலைப் பக்கத்து உறவுகளிலிருந்தும் விலகிய தனிப் பேரினங்கள் என்பதை மரபணு ஆய்வு 2017இல் உறுதிசெய்தது. ஊட்டியில் பார்த்துவிட்டோம், கொடைக்கானலில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அதே ஓடையில் கருப்பும் ஆரஞ்சுமாக ஓர் ஈப்பிடிப்பான் புதருக்குள் சில்வண்டு போல் ஒலி எழுப்பும். நீலகிரி காட்டுப்புறா உயரமான மரத்தில் பழத்தை முழுசாக விழுங்கிக்கொண்டிருக்கும். கழுத்தின் பின்புறம் சதுரங்கக் கட்டம் தெரிந்தால் அதுதான். சீகாரப் பூங்குருவி விடியலில், பையன் ஒருவன் சும்மா நடந்துபோகும்போது விசிலடிக்கிற மாதிரி, மெட்டு முடியாமல் பாடும். எச்சம் காய்ந்த பாறை என்று சொன்னேனே, அதன் சொந்தக்காரர் பெரும்பாலும் இவர்தான்.

போனில் பறவையின் குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டது என்று எண்ணி, இரைதேடுவதை, குஞ்சைக் காப்பதை விட்டுவிட்டு அது சண்டைக்கு வருகிறது. சோலைக்கிளி கூடு வைப்பது தாழ்ந்த மரப்பொந்திலும் ஓடைக்கரைப் பொந்திலும். அதனால் படத்துக்காகக் கரையில் இறங்கி மிதிப்பதும் அதே அளவு கெடுதல். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் ஆப்பைக் கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், ஒலிக்கவிட வேண்டாம்.

மிச்சமிருக்கும் நேரத்தில் பூம்பாறை வழியாக மன்னவனூர் போய்வரலாம், சுமார் 35 கிலோமீட்டர். புல்வெளியில் புதர்ச்சிட்டு, நெட்டைக்காலி, தாழப் பறக்கும் தகைவிலான்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிக் கூக்கல். ஏரியைவிட அங்கே சோலையோர ரோடு நல்லது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், கிடைத்தால் போங்கள், கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம்.

பழனிப் பக்கம் இறங்குவது

ஏறிய வழியிலேயே இறங்காதீர்கள். பெருமாள்மலையில் பழனி ரோட்டில் திரும்புங்கள். கொடைக்கானலிலிருந்து பழனி 64 கிலோமீட்டர். வண்டி நடமாட்டம் குறைவு, காடு அதிகம். நீங்கள் ஏறிவந்த பக்கத்து ஓடைகள் மஞ்சளாறாகி வைகைக்குப் போகிறவை. இறங்குகிற பக்கத்துத் தண்ணீர் வரதமாநதி, பாலாறு, பொருந்தலாறு என்று சண்முகநதிக்கும் அமராவதிக்கும் போய்க் காவிரியில் சேர்கிறது.

இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். மூடுபனி இறங்கினால் ஓரங்கட்டிக் காத்திருங்கள். வடகவுஞ்சியைத் தாண்டிக் கீழே வரவரச் சாம்பல் காட்டுக்கோழி ரோட்டைக் கடக்கும், விடியலிலும் சாயங்காலத்திலும் அதிகம். குக்குறுவான் குரல் இடைவிடாமல் கேட்கும். தாழ்ந்த பாலங்களில் சாம்பல் வாலாட்டி போய் வெண்புருவ வாலாட்டி வந்துவிடும், பெரிய அலகு மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் சாய்ந்த கிளையில் கத்தும். கரையில் பெரிய மரம் இருந்தால் நடுக்கிளைகளை ஒருமுறை அலசுங்கள், பூமன் ஆந்தை பகலில் அங்கேதான் தூங்கும்.

வரதமாநதி அணையில் கடைசியாக நின்று, பட்டியலை இ-பேர்டில் (பறவைப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் இணையதளம்) ஏற்றுங்கள். மொத்தப் பயணத்துக்கும் ஒரே பட்டியலாகப் போடாதீர்கள். பாலத்துக்கு ஒரு பட்டியல், நின்ற நேரம், பார்த்த எண்ணிக்கை, ஓடையில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று ஒரு வரிக் குறிப்பு. அப்படி எழுதினால்தான் எந்தப் பறவை எந்த உயரத்தில் இருந்தது என்பது நிற்கும். பத்து வருடம் கழித்து அதே பாலத்தில் நிற்பவர் உங்கள் குறிப்போடு ஒப்பிட முடியும். ஜனவரியில் வருகிறவர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நாட்களை ஒட்டி வந்தால் அதே பட்டியல் அதற்கும் சேரும். பசித்தால் ஆயக்குடியில் கொய்யா கிடைக்கும், பழனி பத்து நிமிடம்தான்.